பித்தளைக் கூடு

தாத்தாவின் துப்பாக்கிக்குத் தோட்டா வேண்டுமாம். கடைகளில் கிடைப்பதில்லையாம். கிடைக்காவிட்டால் போகிறது, நாட்டில் பித்தளைக்கா பஞ்சம், நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளச் சர்க்கார் அனுமதித்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் சாமான்யப்பட்டவர்கள் அல்ல. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றங்கரை நெடுகப் பழைய பங்களாக்கள் இருக்கின்றன. தோல் வியாபாரத்தில் மூன்று தலைமுறையாகப் பணம் பார்த்த குடும்பங்கள், பெயரளவில் மிச்சமிருக்கும் ஜமீன்கள், ஓய்வு பெற்று வந்து தங்கிவிட்ட பெரிய உத்தியோகஸ்தர்கள். இவர்களில் சிலருடைய வீட்டு இரும்பு அலமாரியில் ஒரு சீமைத் துப்பாக்கி தூங்குகிறது. அதை ஒரு தடவையாவது எழுப்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது பேரப் பிள்ளைகளின் ஆசை.

ஆசைப்படட்டும். ஆசைக்கு வரி கிடையாது. ஆனால் இந்த ஆசைக்குப் ‘பாரம்பரியப் பாதுகாப்பு’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, அதை எதிர்க்கிறவன் ரசனை கெட்டவன் என்றும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால்தான் நாவல் எழுதிக்கொண்டிருந்தவன் அதை மூடி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன்.

ஆம்பூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தோல் ஷாப்புக் குடும்பம். மற்றவர்களுடைய நாவல்கள் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன என்று என் முகத்துக்கு நேரே சொல்கிற அளவுக்கு நல்ல வாசகர். அவருடைய பாட்டனார் வைத்துவிட்டுப் போனது ஒரு .405 வின்செஸ்டர். “வீணை இருக்கு, தந்தி இல்லைன்னா வீட்டிலே வெச்சு என்ன சார் பிரயோஜனம்?” என்று கேட்டார். நல்ல உவமை. இந்த மாதிரி நல்ல உவமைகள்தாம் மனிதனை ஏமாற்றுகின்றன.

முதலில் அந்தத் ‘தந்தி’ எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

தோட்டா என்பது ஒரு பொருள் அல்ல, நான்கு. முன்னால் குண்டு. உள்ளே மருந்து. அடியில் தட்டினால் பொறி கிளம்பும் சிறு கேப். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பது பித்தளைக் கூடு. குண்டுக்கு ஈயம் போதும். மருந்தும் கேப்பும் எந்தக் காலத்திலும் யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். கூடுதான் கஷ்டம். ஒவ்வொரு துப்பாக்கியின் அறைக்கும் அதற்கென்று அளவெடுத்த கூடு வேண்டும். துணிக்கடைச் சட்டை மாதிரி அல்ல, தையற்காரர் தைத்த சட்டை மாதிரி. கம்பெனி அந்த அளவில் கூடு செய்வதை நிறுத்திய அன்றைக்கே, உலகத்தில் அந்த ரகத் துப்பாக்கி அத்தனைக்கும் பக்கவாதம் வந்துவிடுகிறது.

செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு சேர்ந்த பித்தளைத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, அதைக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தைக் குழாயாக இழுத்து, இழுக்க இழுக்க விறைத்துப் போகும் உலோகத்தை இடையிடையே காய்ச்சி மெதுவாக்கி, மறுபடியும் இழுத்துச் செய்கிறார்கள். கடைசியில் அதன் உடம்பு முழுக்க ஒரே பதமாக இருக்கக் கூடாது. அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். கழுத்து மெத்தென்று இருக்க வேண்டும். சுடும்போது .405 போன்ற தோட்டாவினுள் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் உண்டாகிறது. அந்தக் கணத்தில் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மூச்சுக் காற்றுகூடப் பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. அடுத்த கணத்தில் தானாகவே சற்றுச் சுருங்கி வெளியே வர வழி விடுகிறது. விரியத் தெரிந்து சுருங்கத் தெரியாவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிட்டால் கிழிந்துவிடும். கிழிந்தால் நெருப்பு வருவது புலியின் பக்கமாக அல்ல, சுடுகிறவன் கண்ணுக்கு.

இரும்புக் கொல்லருக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும். பித்தளையோ காய்ச்சினால் இளகிவிடும். பிறகு தண்ணீரில் முக்கினாலும் முக்காவிட்டாலும் இளகியதுதான். அதைக் கெட்டியாக்க வேண்டுமானால் அடிக்க வேண்டும், அல்லது இழுக்க வேண்டும். அதனால்தான் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி, சூடு அடிப்பாகத்துக்கு இறங்குவதற்குள் ஆற்றிவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஆசாமிகள் உண்டு. கிடைக்காத கூட்டைக் கிடைக்கிற கூட்டிலிருந்து செய்துகொள்கிறார்கள். என் நண்பரின் .405 இருக்கிறதே, அதை வின்செஸ்டர் கம்பெனி 1904-இல் கொண்டுவந்தது. ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டு போன துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. நம் பக்கத்துக் காடுகளில் அலைந்து திரிந்து அந்தக் கதைகளை இங்கிலீஷில் எழுதிய பெங்களூர்க் கென்னத் ஆண்டர்சன் தோளில் தொங்கியதும் அதே ரகம்தான். 1950-களுக்குப் பிறகு அதற்குத் தோட்டா வருவது நின்றுவிட்டது. சும்மா இருந்தார்களா ரசிகர்கள்? 1892-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கிராக் துப்பாக்கியின் கூட்டை எடுத்து, அதன் ஒடுங்கிய கழுத்தை விரித்து, கொஞ்சம் மருந்து போட்டு அந்த அறைக்குள்ளேயே ஒரு தடவை சுட்டு, அறையின் உருவத்துக்கே அதை ஊத வைத்துவிட்டார்கள். நீளம் மட்டும் கால் அங்குலத்துக்குச் சற்று மேலே குறையும். குறைந்தால் குறையட்டும் என்று அதோடு நாற்பது ஐம்பது வருஷம் ஓட்டினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்கக் கம்பெனி மறுபடியும் சரியான அளவில் செய்யத் தொடங்கியபோது அவர்களுக்குத் தீபாவளி.

இதைவிடப் பெரிய கதை மார்ட்டினியின் கதை. விக்டோரியா மகாராணி காலத்துச் சிப்பாயின் மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகள் நேபாளத்தில் காட்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. 2003-இல் ஒரு கம்பெனி அவற்றை மொத்தமாக வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. வாங்கியவர்களுக்கெல்லாம் தோட்டா வேண்டுமே! பறவை சுடுகிற 24-ஆம் நம்பர் பித்தளைத் தோட்டா பிரேசிலில் செய்கிறார்கள். அதன் தோளை அச்சில் கொடுத்துப் படிப்படியாக ஒடுக்கினால் மார்ட்டினியின் கூடு வந்துவிடுகிறது. ஒரே அழுத்தில் ஒடுக்கினால் மடிப்பு விழும், பொறுமை வேண்டும்.

இந்த வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை என்று வாசகர்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் விஸ்தாரமாக எழுதினேன். கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற எந்த வேலைக்கு முன்னாலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்காக்காரன் பொழுதுபோக்கை நம் ஊரில் கொண்டுவந்து வைக்கும்போது, அது உட்காரப்போகும் இடம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

இடம் என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. பித்தளைக் கூட்டுக்கு உலகத்திலேயே ஆகாத இடம் ஒன்று உண்டென்றால் அது தோல் பதனிடும் ஊர்தான். நான் கிண்டல் செய்யவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்த ராணுவத்துக்கு ஒரு விசித்திரமான தொல்லை வந்தது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் பெட்டியில் வைத்த தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே கீறல் விட்டிருந்தன. பருவம் பார்த்து வந்த வியாதி என்பதனால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் மூன்று விஞ்ஞானிகள் காரணத்தைச் சரியாகச் சொன்னார்கள். தோட்டாக்களை வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்துகொண்டு, இழுத்து விறைத்த பித்தளையைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. கூட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த இறுக்கம் அந்த இடத்தில் வெடித்துக்கொள்கிறது. கழுத்தைக் காய்ச்சி இளக்கினால் இறுக்கம் போய்விடும், வெடிப்பும் நின்றுவிடும் என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலிலே சுண்ணாம்பைப் போக்க என்ன போடுகிறார்கள்? நவச்சாரமும் அதன் தாயாதிகளும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்கு வேறு பெயர் அம்மோனியா. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவும்போது பக்கத்தில் நின்றிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு ஆவாரம்பட்டையில் ஊறிய தோலில் பெல்ட்டுச் செய்து அதிலே தோட்டாவைச் செருகி வைப்பார்கள் அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள். பட்டையின் துவர்ப்பும் பித்தளையும் சேர்ந்தால் பச்சைப் பசேலென்று களிம்பு பிடிக்கும். என் நண்பரின் பாட்டனார் விட்டுப் போன பெல்ட்டில் நாலு தோட்டாக்கள் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, உருவ முடியாமல் இருக்கின்றன. ஒன்றில் கழுத்திலிருந்து கீழே முடி மாதிரி ஒரு கோடு. “கம்பெனி மோசம் பண்ணிட்டான் சார்” என்றார் நண்பர். “இல்லை பாய், உங்கள் பாட்டனாரின் தொழிலே அதைத் தின்றுவிட்டது” என்றேன். சிரித்தார். சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்.

சரி, வீணைக்கு வருகிறேன்.

தந்தி இல்லாத வீணையும் கூடு இல்லாத துப்பாக்கியும் ஒன்றா? தந்தி கட்டினாலும் கட்டாவிட்டாலும் வீணை வீணைதான். துப்பாக்கி விஷயம் அப்படியல்ல என்று சட்டமே சொல்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. வழக்கொழிந்த மாதிரியோ புராதன மதிப்போ உள்ள ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாது என்றால், அதை இந்தச் சட்டம் தொடாது. வீட்டு வரவேற்பறையில் ஆணியடித்து மாட்டிக்கொள்ளலாம். அதாவது, சட்டத்தின் கண்ணில் பழம்பொருளையும் ஆயுதத்தையும் பிரிக்கிற வேலி, அது சுடுமா சுடாதா என்பதுதான். பித்தளைக் கூடு அந்த வேலியின் கதவு. கதவைத் திறந்துவிடு என்றும் சொல்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துச் சலுகையும் வேண்டும் என்கிறார்கள். பழம்பொருள் என்பதற்காகக் கௌரவம், சுடக்கூடியது என்பதற்காகச் சந்தோஷம். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை!

சுடுவது எதை என்று கேட்டால் பதில் இல்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை என்ற விஷயம் அதோடு முடிந்தது. ஏலகிரியில் சிறுத்தை ஆளடித்ததைப் பற்றி ஆண்டர்சன் எழுதியதைப் படித்து ரசிக்கலாம். இன்றைக்கு அங்கே போய்.405-ஐத் தூக்கினால் ஜெயிலில் உட்கார்ந்துதான் மிச்சக் கதையைப் படிக்க வேண்டும். குறிபார்த்துப் பழக வேண்டுமென்றால் அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன, நவீனத் துப்பாக்கிகள் இருக்கின்றன, கிடைக்கிற தோட்டா இருக்கிறது. ஆகவே இவர்கள் கேட்பது சுடுவதற்கு அல்ல. சத்தம் கேட்பதற்கு. தாத்தா ஒரு காலத்தில் எழுப்பிய அந்தச் சத்தம், ஊரே நடுங்கித் திரும்பிப் பார்த்த சத்தம். அது வீணை நாதமா?

இந்த இடத்தில் சரித்திரத்தைச் சற்றுப் புரட்ட வேண்டியிருக்கிறது. தோட்டாவைப் பற்றி நம் சரித்திர நாவலாசிரியர்களுக்கு இருக்கும் ஞானம் பிரசித்தம். வேலூர்க் கோட்டைக் கலகத்தைப் பற்றிய ஒரு நாவலில், சிப்பாய் இடுப்பிலிருந்து பளபளவென்று பித்தளைத் தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியைத் திறந்து போட்டுக்கொள்கிறான். 1806 ஜூலை 10-இல் அப்படிப் போட அவனிடம் ஒன்றும் இல்லை. மருந்தையும் குண்டையும் வைத்துச் சுருட்டிய காகிதந்தான் அப்போது தோட்டா. பல்லால் கடித்துக் கிழித்து, குழாயின் வாய் வழியாகக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அப்புறம் ஐம்பது வருஷம் கழித்து வடக்கே வந்த கலகத்துக்கு அந்தக் கடிதானே காரணமாகச் சொல்லப்பட்டது? வேலூரில் தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல். வடக்கே 1857-இல் கடிக்கச் சொன்ன கொழுப்பு. மாட்டிலிருந்தும் பன்றியிருந்தும் வந்த சமாசாரங்கள் இரண்டு. தோல் ஊர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

கடிக்கிற வேலையை ஒழித்தது பித்தளைதான். 1866-இல் ஸ்னைடர் துப்பாக்கி வந்தது. பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடு அதற்கு. ஆனால் யாருக்கு வந்தது? வெள்ளைச் சிப்பாய்க்கு. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் ஒரு கணக்குப் போட்டான்: இந்தியச் சிப்பாயின் கையில் இருப்பது எப்போதும் ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும். அவன் ஸ்னைடர் எடுத்தபோது இவனுக்கு அதற்கு முந்தியது. அவன் மார்ட்டினிக்குப் போனபோது இவனுக்கு அவன் கழித்துவிட்ட ஸ்னைடர். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், ஊரில் மிச்சமிருந்தவர்களையும் லைசென்ஸ் கேட்டுக் கச்சேரி வாசலில் நிற்க வைத்தது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.

அப்புறம் வந்தது இன்னும் ருசியானது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1907-ஐ ஒட்டி, .450 அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் விடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஏன்? மார்ட்டினிக்கு அதே அளவுக் குண்டு. புலி வேட்டைக்கென்று வருகிற தோட்டா யாராவது ஒரு கலகக்காரனின் மார்ட்டினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்? லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்திய மகாராஜாக்கள்தாம் படியளக்கிற பெருமாள். அவர்கள் சும்மா இருப்பார்களா? .465, .470, .475, .476 என்று நூலிழை வித்தியாசத்தில் புதுப்புது அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். ராணுவத்து .303-உம் பொதுஜனங்களுக்கு ஆகாது, அதற்குப் பதில்.315. அந்த .315-ஐ இன்றைக்கும் நம் சர்க்கார் தொழிற்சாலைகளில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பயந்தவன் போய்விட்டான், அவன் பயத்தின் அளவு மட்டும் தங்கிவிட்டது.

ஆக, இன்று ‘ஐயோ, இந்த அளவுக்குத் தோட்டா கிடைக்கவில்லையே’ என்று நம் பேரப் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்களே, அந்த அளவுகளில் பல பிறந்ததே நம் ஜனங்களை நம்பக் கூடாது என்ற முடிவினால்தான். நூறு மைலுக்கு ஒரு மகாராஜாவை மட்டும் நம்பி, மற்றக் கோடிக்கணக்கான பேரைச் சந்தேகித்துச் செய்த பித்தளை அது. அதைத் தேடிப் பிடித்து மறுபடியும் வார்ப்பது பாரம்பரியமாம். யாருடைய பாரம்பரியம்?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் ஆம்பூரிலிருந்து தெற்கே பார்க்க வேண்டும். அதோ தெரிகிறது ஜவ்வாது மலை. சந்தன மரத்துக்குப் பெயர் போனது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருப்பதும் அங்கேதான். அங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடி ஜனங்கள் சாமையும் கொள்ளும் விதைக்கிறார்கள். காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. அவர்களில் சிலர் வீட்டுக் கூரைக்குள் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கும். பித்தளைக் கூடு அதற்கு வேண்டாம். 1806-இல் வேலூர்ச் சிப்பாய் கெட்டித்தானே, அதே மாதிரி வாய் வழியாக மருந்தையும் ரவையையும் கொட்டிக் கெட்டிப்பதுதான். குழாய், கட்டை, விசை எல்லாம் உள்ளூர்க் கொல்லர் வேலை. வழக்கொழிந்த மாதிரி என்றால் இதைவிட வழக்கொழிந்தது எது? இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கைத்தொழில் இந்தக் கணம் வரைக்கும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. பாரம்பரியக்காரர்கள் அதைக் கண்டு துள்ளிக் குதிக்க வேண்டாமா?

துள்ளவில்லை. அந்தத் துப்பாக்கிக்கு அவர்களுடைய அகராதியில் வேறு பெயர்: கள்ளத் துப்பாக்கி. குறித்த தேதிக்குள் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸார் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். சில பேர் ஊர்ப் பெரியவர் மூலம் கொடுக்கிறார்கள். சில பேர் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் விறகுக் கட்டு மாதிரி அவற்றை வரிசையாகப் படுக்க வைத்துப் படம் வருகிறது. எந்தக் கொல்லர் எந்த ஊரில் எந்த வருஷம் செய்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்களே, அதன்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம். லைசென்ஸ் இல்லாமல் செய்தவருக்கு ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் தண்டனை வரைக்கும்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒருவர் லைசென்ஸோடு வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்படும் என்றுதான் மசோதா முதலில் வந்தது. பரம்பரைத் துப்பாக்கிகள் என்னாவது என்று பெரிய இடங்களிலிருந்து குரல் எழும்பியது. ஒன்று, இரண்டாயிற்று. குரல் எழுப்பியது குற்றமில்லை. ஜனநாயகம் என்றால் அப்படித்தான். மலை மேலிருந்து ஒரு குரல் அந்தச் சபைக்குக் கேட்டதா என்பதே என் சந்தேகம். இன்னும் பாருங்கள். குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. 2029 வரைக்கும் அதை நீட்டித்திருக்கிறார்கள். துப்பாக்கி அவர்கள் குலதனம், பண்டிகையில் வைத்துப் பூஜிக்கிறார்கள் என்பது காரணம். இருக்கட்டும். குடகு மலையில் குலதனம் என்பது ஜவ்வாது மலையில் ஏன் குற்றமாக மாறுகிறது என்று யாராவது எனக்குப் புரியும்படி சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆகவே நாட்டுத் துப்பாக்கியை ஊரெல்லாம் அனுமதிக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. இருட்டில் பன்றிக்கு வைத்த குறி பக்கத்துக் கொல்லைக்காரன் மேல் விழுந்த கதைகள் எனக்கும் தெரியும். மலைக்காரனிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நான் சொல்வது, வாங்குகிற கை பங்களாப் படியேறும்போது கூசக் கூடாது என்பது. அவன் பசிக்கும் பயிருக்கும் வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இவர்களோ, தங்களிடம் இருப்பது சுடவில்லையே என்று புது வசதி கேட்கிறார்கள். சட்டம் இருவரையும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் உள்ளேயிருந்து காப்பி வருகிறது.

இன்னொரு வாதமும் வந்தது. பட்டறைத் தொழிலுக்கு இதனால் வாழ்வு வரும் என்றார்கள். உலகத்தின் கால்களுக்கெல்லாம் ஜோடு தைத்துப் போடுகிற ஊர், இந்தச் சிறு பித்தளையைச் செய்ய மாட்டாதா என்று சவால். செய்யும். ஆம்பூர், ராணிப்பேட்டை லேத்துப் பட்டறைகளில் இருக்கிற பையன்களின் கைத்திறமை எனக்குத் தெரியும். தோல் மெஷினுக்கு வேண்டிய உதிரி சாமான், சீமையிலிருந்து வர ஆறு மாதமாகும் என்று கம்பெனி கையை விரித்தால், பழையதைப் பார்த்து மறுநாளே புதியது கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். அச்சுக் கொடுத்தால் கூடும் செய்வார்கள். கஷ்டம் அங்கே இல்லை. கடைந்து பழகிய கைக்கு, பங்களாக்காரர் கொடுக்கும் .405 எது, ராத்திரியில் முகம் தெரியாத ஒருவன் கொண்டுவந்து கொடுக்கும் வேறு அளவு எது என்று பித்தளை சொல்லாது. கைபர் பக்கத்தில் தர்ரா என்ற ஊரில் அப்ரீதி ஜனங்கள் மார்ட்டினியைப் பார்த்து மார்ட்டினி செய்து, சுட்ட கூட்டையே பொறுக்கி மறுபடியும் நிரப்பி, ஒரு ஊரையே ஆயுதச் சந்தையாக்கிவிட்டார்கள். அவர்கள் கைத்திறமைக்கும் குறைவில்லை. அந்த ஊரில் நாம் குழந்தை குட்டிகளோடு குடியிருக்கத் தயாரா? மாட்டிக்கொண்டால் ஏழு வருஷம் உள்ளே போகப் போகிறவன் லேத்துப் பையன். பாட்டனார் ஞாபகார்த்தம் என்று சொல்லிக்கொண்டு வெளியே நிற்கப் போகிறவர் வேறொருவர்.

என் நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “அப்படின்னா உருக்கிடச் சொல்றீங்களா?” என்றார். அதுவும் இல்லை. உருக்குவது சோம்பேறிகளின் நியாயம். ஒப்படைத்த துப்பாக்கிகளை எண்ணிக்கை பார்த்து உலையில் போட்டுவிட்டால் அதிகாரியின் கணக்கு தீர்ந்துவிடும். நம் கணக்கு தீராது.

வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கலகம் நடந்த அதே மதிலுக்குள். பாட்டனாரின் .405-ஐச் சுட முடியாதபடி முறையாகச் செய்து அங்கே கொடுக்கட்டும். ஒட்டிப்போன நாலு தோட்டாக்களோடு அந்த ஆவாரம்பட்டைப் பெல்ட்டையும் கொடுக்கட்டும். மருந்தை எடுத்துவிட்டுக் களிம்பைத் துடைக்காமல் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் களிம்புதான் ஆம்பூர். பழைய லைசென்ஸ் புத்தகங்கள் வீடுகளில் இருக்கின்றன. வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கினார், எந்தக் கலெக்டர் கையெழுத்துப் போட்டார் என்று அவற்றில் இருக்கும். எந்த நாவலையும்விட அவை சுவாரஸ்யமானவை. லேத்துப் பையனுக்கும் அங்கே வேலை உண்டு. காகிதச் சுருளிலிருந்து பாக்ஸரின் சுருட்டுத் தகடு வரைக்கும், அதிலிருந்து இழுத்த பித்தளை வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் மருந்தும் கேப்பும் புகவே முடியாத கெட்டி மாதிரி ஒன்று, போலீஸ் இலாகாவுக்குச் சொல்லிவிட்டு, கடைந்து வைக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, எந்த அளவு எந்த வருஷத்தில் யாருக்குப் பயந்து வந்தது என்று பார்த்துக்கொண்டு போகட்டும். சரித்திர நாவலாசிரியர்களுக்கு அனுமதி இலவசமாக இருந்தால் நல்லது.

அந்தப் பெட்டியிலேயே, கீழ்த் தட்டில் அல்ல, அதே தட்டில், ஜவ்வாது மலையில் ஒப்படைத்த நாட்டுத் துப்பாக்கி ஒன்றையும் வைக்கச் சொல்கிறேன். .405-க்குப் பக்கத்தில் வின்செஸ்டர் கம்பெனி, 1904 என்று சீட்டு எழுதுவார்கள். இதற்கும் எழுத வேண்டும்: செய்த கிராமம், செய்த வருஷம், குழாய்க்கு எந்த இரும்பை எடுத்தார்கள் என்பது. வழக்கில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டால் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் நாலைந்து பேராவது மேலே இருப்பார்கள். மலைக்குப் பஸ் போகிறது. அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு ஏறிப் போய்விட்டு வரலாம்.